கப்பலுக்கு முதல் விள்ளல்

சீகைமட்டத்தில் கரண்டு சைக்கிள்கள் குரைக்கத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். அன்றைக்குப் பனி விலகியிருக்கவில்லை, பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டு முடித்திருந்தார்கள், கொழுந்துப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்ற பெண்களில் ஒருத்திகூட ஆச்சரியப்படவில்லை. அந்தக் குரல் யாருடையது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது, தெரிந்த குரல் எங்கிருந்து வந்தால் என்ன என்று இருந்துவிட்டார்கள்.

வரிசையாக ஒட்டிக் கட்டிய லயன் வீடுகளிலிருந்து தேயிலைக்குப் போக எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு பாதை. ஓர் ஆள் நடந்தால் தாராளம், இரண்டு ஆள் எதிர்ப்பட்டால் ஒருவர் ஒதுங்கித்தான் ஆக வேண்டும். வலது கைப் பக்கம் தேயிலை மேலே ஏறும், இடது கைப் பக்கம் சோலைக்காடு கிடுகிடுவென்று கீழே இறங்கும். எங்கள் ஆட்கள் இலங்கையிலிருந்து கப்பலேறி வந்து இந்தச் சரிவில் இறக்கிவிடப்படுவதற்கு முன்னாலேயே அந்தப் பாதை இருந்தது. எங்களுக்கு முன்னால் அதில் காட்டெருமை நடந்தது, காட்டெருமைக்கு முன்னால் கரடி நடந்தது, கரடிக்கு முன்னால் மழைத்தண்ணீர் நடந்தது. பிந்தி வந்தவர்கள் நாங்கள். பிந்தி வந்தவர்கள் முந்தி நடக்கக் கூடாது என்பதால் எங்களுக்கு முன்னால் எப்போதும் ஒரு நாய் நடந்தது.

அப்படி நடந்த நாய்களில் கப்பலைப்போல் ஒன்று வந்ததில்லை. செம்மண் நிறம், ஒரு காது மடிந்தது, நடக்கும்போது பின்பக்கம் இடதும் வலதுமாக ஆடும். "என்னாடி இது, தலைமன்னார்ல ஏறுன கப்பலாட்டம் ஆட்டுது" என்று சின்னப் பிள்ளையில் கப்பலேறி வந்த அன்னலெட்சுமி சொன்னாள், பேர் ஒட்டிக்கொண்டது. மங்களேஸ்வரி வீட்டு விறகு அடுக்குக்குப் பின்னால் பிறந்ததால் அதை மங்களேஸ்வரியின் நாய் என்று சொல்வார்கள். மங்களேஸ்வரி மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டாள். "எனக்கு ஒரு மவன் இருக்கான், அவனையே என்னால கட்டிப்போட முடியல, இதுல நாய் வேறயா" என்பாள், சொல்லிக்கொண்டே குனிந்து அதன் மடிந்த காதை நிமிர்த்திவிடுவாள், அது மறுபடியும் மடிந்துகொள்ளும்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பாதி வழியில், திருப்பத்தில், தட்டையான ஒரு கல் கிடக்கிறது. அங்கேதான் எல்லோரும் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரிப்போம். யார் பிரித்தாலும் முதல் விள்ளல் முன்னால் நடக்கும் நாய்க்கு. பசித்து அழும் பிள்ளை கையிலிருந்தாலும் பிள்ளைக்கு இரண்டாவது விள்ளல்தான். முன்னால் போகிறவருக்குப் போடாமல் வாயில் வைத்தால் அன்றைக்குப் பாதை நம்முடையது இல்லை என்பார்கள். லயன் முழுக்க அப்படிப் போட்டதால் கப்பலுக்கு எங்கள் எல்லோருடைய கையும் தெரியும், தேங்காய்ச் சம்பலில் உறைப்பு யார் கூட்டுவார்கள் என்பதுகூடத் தெரியும்.

அதற்கு மூன்று குரைப்பு இருந்தது. காட்டெருமைக்கு நீளமாக ஒன்று, மாட்டை விரட்டுவதுபோல் இழுத்து. அதைக் கேட்டால் நின்று வழிவிட்டால் போதும். வெளியாட்களுக்குச் சாதாரணமாக, படபடவென்று, எந்த ஊர் நாயும் குரைப்பது மாதிரி. கரடிக்கு மட்டும் வேறு: மூன்று வெட்டு, அப்புறம் தொண்டைக்குள் ஒரு முழுங்கல். அதைக் கேட்டால் பேசக் கூடாது, பையை மெல்ல இறக்கிவைக்க வேண்டும், முதுகைக் காட்டாமல் ஓர் அடி ஓர் அடியாகப் பின்னால் போக வேண்டும். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. காதில் விழுந்ததும் கால் தானாகப் பின்னால் போகும்.

எங்கள் ஆட்களைப் பார்த்து அது குரைத்ததே கிடையாது. பின்னாலிருந்து ஓடிவந்து முழங்கால் மடிப்பில் ஈர மூக்கை வைத்து ஓர் அழுத்து அழுத்தும். நான்தான், கொஞ்சம் ஒதுங்கு, முன்னால் போகிறேன் என்று அர்த்தம். "போடி, போ" என்போம், போகும்.

பிறகு எஸ்டேட்காரர்கள் மேலே இருந்த பழைய பங்களாவை ரிசார்ட்டுக்காரர்களுக்குக் கொடுத்தார்கள். பங்களாவோடு பாதையையும் சேர்த்துக் கொடுத்தார்கள் என்பது சைக்கிள்கள் லாரியில் வந்து இறங்கியபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. தடித்த டயர், வயிற்றில் பேட்டரி, மிதிக்காமலேயே மேடேறும். மங்களேஸ்வரியின் மகன் ஜெயசீலன் அப்போது திருப்பூர் பனியன் கம்பெனியில் பஞ்சுத் தூசி நெஞ்சில் அடைத்து ஊர் திரும்பியிருந்தான். அவனுக்கு ஹெல்மெட்டும் பச்சைச் சட்டையும் கொடுத்து, சுற்றுலா வருகிறவர்களுக்கு முன்னால் சைக்கிளில் போகிற வேலையில் சேர்த்துக்கொண்டார்கள். முதல் மாதம் அம்மாவுக்கு மழைக்கோட்டு வாங்கிக் கொடுத்தான். இருமலும் குறைந்திருந்தது. அந்தச் சைக்கிள் எங்கள் லயனில் ஒரு வீட்டுக்காவது நல்லது செய்தது என்பதை மறைக்கக் கூடாது.

சத்தமே இல்லாததுதான் அந்தச் சைக்கிள்களின் பெருமை. காட்டின் அமைதி கெடாது என்று சொல்லித்தான் வாடகைக்கு விட்டார்கள். அமைதியாக வருகிற எதையும் அந்தப் பாதையில் நாங்கள் நம்பியதில்லை. சிறுத்தை அப்படித்தான் வரும்.

ஒரு பலகையும் வந்தது. நடப்பவர்கள் இடது ஓரமாகச் செல்லவும், நாய்களைக் கயிற்றில் பிடித்து வரவும், சைக்கிளுக்கு வழி விடவும் என்று மூன்று மொழியில் எழுதியிருந்தது. இடது ஓரம் என்றால் பள்ளம். மங்களேஸ்வரி நாலு பெண்களைச் சேர்த்துக்கொண்டு மேனேஜரைப் பார்க்கப் போனாள். சின்ன வயசுக்காரர், மரியாதைக்குக் குறைச்சலில்லை, நாற்காலி போடச் சொன்னார்.

"கயித்துல பிடிச்சா நாய் எங்ககூடத்தான் சார் வரும். அது முன்னால போனாத்தான் எங்களுக்கு வேலை."

"புரியுதுங்க்கா. ஆனா கெஸ்ட்டுங்க பயப்படுறாங்க இல்ல? ஷேர் பண்ணிக்கணும்க்கா. பாதைன்னா எல்லாரும்தான் ஷேர் பண்ணிக்கணும்."

"நாங்க பண்ணிக்கிட்டுத்தான் சார் இருக்கோம். கரடியோட, மாட்டோட."

மேனேஜர் சிரித்தார். உண்மையாகவே சிரித்தார், கேலி இல்லை. "கரடி வாடகை கட்டலியேக்கா" என்றார். பெண்களும் சிரித்துவிட்டார்கள். சிரித்துவிட்டு வெளியே வந்த பிறகுதான், சிரித்திருக்கக் கூடாது என்று தோன்றியது.

கப்பலுக்குக் கயிறு கட்டிப் பார்த்தார்கள். அது நகரவில்லை. கயிற்றோடு அப்படியே படுத்துக்கொண்டது, பெரட்டுக்கு நேரமாகிவிட்டது, அவிழ்த்துவிட்டார்கள்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜெயசீலன் முன்னால் வந்தான், பின்னால் பெங்களூர்க்காரர்கள் ஆறேழு பேர் சைக்கிளில் வந்தார்கள், திருப்பத்தில் பனி. எந்த வெளியாளாக இருந்தாலும் கப்பல் ஒதுங்கிக் குரைத்திருக்கும். வந்தது ஜெயசீலன். வாசம் தெரிந்ததும் பின்பக்கத்தை ஆட்டிக்கொண்டு நேரே ஓடியது, நாலு கால் பாய்ச்சலில், கையிலிருந்து ரொட்டி தின்ற பாசத்தில். அவன் பிரேக் பிடித்தான். இறக்கத்தில் பிரேக் கேட்கவில்லை. மங்களேஸ்வரி தேயிலைக்குள்ளிருந்து இறங்கி வருவதற்குள் முடிந்துவிட்டது. கப்பல் தண்ணீர் கேட்பது மாதிரி வாயைத் திறந்தது, அவ்வளவுதான். ஜெயசீலன் முழங்கை உரிந்து பாதையில் உட்கார்ந்திருந்தான். பெங்களூர்க்காரர்களில் ஒரு பெண் அழுதாள், இன்னொருத்தர், கயிறு கட்டியிருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று இங்கிலீஷில் சொன்னார். சில்வர் ஓக் மரத்தடியில் புதைத்தோம்.

மறுநாள் காலையில்தான் எங்கள் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய அந்தத் தப்பைச் செய்தோம். திருப்பத்துக் கல்லில் பொட்டலத்தைப் பிரித்தோம். பழக்கத்தில் முதல் விள்ளலை எல்லோரும் கிள்ளிவிட்டோம். லயனில் வேறு நாய்கள் இருந்தன, முன்னால் நடக்கிற நாய் இல்லை. கிள்ளியதை வாயில் வைக்க முடியாது, கீழே எறிந்தால் காக்காய்க்குப் போகும், அது சாவுச் சோறு. கப்பல் உட்காருகிற இடத்தில் ஜெயசீலனுடைய சைக்கிள் சாய்ந்திருந்தது. அவன் ஓரமாகத் தலைகுனிந்து நின்றான். மங்களேஸ்வரி போய் சைக்கிளின் முன்கூடையில் தன் விள்ளலை வைத்தாள். மகன் மேல் கோபமில்லை என்று காட்டத்தான் வைத்தாள். அவள் வைத்ததைப் பார்த்து அன்னலெட்சுமி வைத்தாள், புஷ்பகாந்தி வைத்தாள், லயனே வரிசையில் வந்து வைத்தது.

அடுத்த நாள்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை. ஜெயசீலன் ஏறி உட்கார்ந்ததும் சைக்கிள் ஒருமுறை உடம்பை உதறியது, பாதையின் மேல் முனையில் நின்ற காட்டெருமையைப் பார்த்து நீளமாக இழுத்து ஒரு குரைப்புக் குரைத்தது. எருமை இறங்கிப் போனது. "இந்தா வந்துட்டாள்ல" என்றாள் அன்னலெட்சுமி, பையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

சைக்கிள்கள் எல்லாம் ஒரே கொட்டகையில் ஒரே வயரில் சார்ஜ் ஏறுகிறவை என்பதால் வாரம் முடிவதற்குள் பன்னிரண்டும் குரைத்தன. கோயம்புத்தூரிலிருந்து மெக்கானிக் வந்து வயிற்றைத் திறந்து பார்த்தார். மூடும்வரை அது அவரைப் பார்த்துக் குரைத்துக்கொண்டே இருந்தது, வயரெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். தபால்காரர் சட்டைப்பையில் பிஸ்கட் வைத்துக்கொள்ளத் தொடங்கினார். வெறிநாய் ஊசி போடுகிறவர் ஜீப்பில் வந்து, குரைப்பது எதுவானாலும் ஊசி போடத்தான் வேண்டும் என்று டயரில் குத்தினார், காற்று இறங்கியது. இன்சூரன்ஸ்காரர், "நாய்ன்னா ஒரு பேப்பர், வண்டின்னா ஒரு பேப்பர், ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்க" என்றார். பஞ்சாயத்தில் பேசினார்கள். குரைத்தாலும் கடிக்காததால் வண்டிதான் என்று முடிவானது.

ரிசார்ட்டில் முதலில் பயந்தார்கள், பிறகு வாடகையை ஏற்றினார்கள். குரைக்கும் சைக்கிளில் போக ஹைதராபாத்திலிருந்தெல்லாம் வந்தார்கள். ஒருநாள் திருப்பத்தில் ஒரு சைக்கிள் மூன்று வெட்டு வெட்டி முழுங்கியது. எங்கள் பெண்கள் பையை இறக்கிவைத்துப் பின்னால் நகர்ந்தார்கள், சுற்றுலாக்காரர்கள் கை தட்டினார்கள், தட்டிக்கொண்டிருந்தவர்களுக்கும் இவர்களுக்கும் நடுவே கரடி பாதையைக் கடந்து, யாரையும் பார்க்காமல், கீழே இறங்கிப் போனது. அன்றைக்கு மாலையில் மேனேஜரே லயனுக்கு வந்தார்.

"பாருங்கக்கா, இப்ப நம்ம சைக்கிளே காவலாயிடுச்சு. காலைல பெரட்டுக்கு முன்னால ஜெயசீலனை ஒரு வண்டி எடுத்துட்டுப் போகச் சொல்றேன். தினமும். இலவசமா. அப்புறம் இந்த மத்த நாய்ங்க எதுக்கு? கீழ்நாட்டுல நல்ல காப்பகம் ஒண்ணு இருக்கு."

யாரும் மறுக்கவில்லை. இதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறோம். வேனில் ஏற்றியபோது பிள்ளைகள் அழுதார்கள், பெரியவர்கள் கதவைச் சாத்திக்கொண்டோம். நம்ம கப்பல்தான் முன்னால போகுதே, வேற நாய் எதுக்கு என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். சீகைமட்டத்தில் நாலு கால் நாய் ஒன்றுகூட மிச்சமில்லாமல் போனது அப்படித்தான்.

முதலில் விழுந்தது அன்னலெட்சுமி. வெயில் நேரம், பனியில்லை, பாதை பளிச்சென்று கிடந்தது. பையை நிறைத்துக்கொண்டு எடை போடப் போய்க்கொண்டிருந்தாள். பின்னால் ஒரு சைக்கிள் வந்தது, உச்சியிலிருந்து அந்த வளைவுவரை எதிர்ப்பட்டவர்களையெல்லாம் பார்த்துக் குரைத்துக்கொண்டே வந்தது, அன்னலெட்சுமியைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டது. சத்தமில்லாமல் வேகம் கூட்டியது. முழங்கால் மடிப்பில் முன்டயரை வைத்து ஓர் அழுத்து அழுத்தியது. அவள் திரும்பிப் பார்க்காமலேயே, "போடி, போ" என்றாள், சிரித்துக்கொண்டே. நாய் என்றால் அதோடு ஒதுங்கிப் போயிருக்கும். இதன் முதுகில் எண்பது கிலோ ஆள் உட்கார்ந்திருந்தார். பள்ளத்தில் உருண்டு போய் ஒரு மரத்தில் இடித்து நின்றாள், இடுப்பு முறிந்தது.

ஓட்டி வந்தவர் நல்ல மனுஷர்தான். கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "எல்லாரையும் பாத்து குலைக்குது, இவங்களப் பாத்து மட்டும் ஏன் குலைக்கல?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

அதற்கப்புறம் இன்னும் நாலு பேர். காலர் எலும்பு, முன்பல், கணுக்கால். மங்களேஸ்வரிக்கு மணிக்கட்டுப் பிசகியது. மேனேஜரிடம் போனோம். இந்தத் தடவை நாற்காலி போடவில்லை.

"கெஸ்ட்டுல ஒருத்தர்மேலகூட இடிக்கல. டவுன்ல இருந்து வந்த பெயிண்டர்மேல இடிக்கல. உங்க ஆளுங்கமேல மட்டும் இடிக்குதுன்னா நான் என்னன்னு சொல்றது? வார்னிங் குடுத்தும் நீங்க ஒதுங்கறதில்ல."

"வார்னிங்கே குடுக்கல சார்" என்றாள் புஷ்பகாந்தி.

"குரைக்கிற வண்டி குரைக்காம எப்படிங்க வரும்?"

எப்படி வரும் என்று எங்களுக்குத் தெரியும். அதை அந்த மேசைக்கு முன்னால் நின்று எப்படிச் சொல்வது. எங்கள்மேல் அதற்குப் பாசம் சார் என்றா?

லயன் நடுவில் இருக்கும் தண்ணீர்க் குழாயடியில் கூட்டம் கூடியது. அன்னலெட்சுமியை நாற்காலியோடு தூக்கிவந்து வைத்தார்கள். அவள்தான் சொன்னாள், பல்லைக் கடித்துக்கொண்டு: "அதுக்கு நாம வேத்தாளாயிரணும். வேற வழி கெடையாது."

வேற்றாளாவது அத்தனை லேசாக இல்லை. ரிசார்ட்டில் வீசிய பழைய ஜாக்கெட்டுகளைப் போட்டுக்கொண்டு நடந்தோம். குளியலறைகளில் மிச்சமாகிற சென்ட்டை ஜெயசீலன் கொண்டுவந்து கொடுத்தான், பூசிக்கொண்டோம். புஷ்பகாந்தி கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, "எக்ஸ்கியூஸ் மீ" என்று சொல்லிக்கொண்டே போனாள். லயன் வயிறு வலிக்கச் சிரித்தது, சைக்கிளும் ஒருநாள் குழம்பிப்போய் அவளைப் பார்த்துக் குரைத்தது, மறுநாள் முழங்காலை மோந்து பார்த்ததுபோல் நின்று, மௌனமாகிவிட்டது. உடுப்பு வெளியாளுடையதுதான், அதற்குள்ளே கால் பழையதுதானே.

அப்புறம் கல். ஒவ்வொருவரும் ஒரு கல்லாவது எறிய வேண்டும், எறியும்போது முகத்தைப் பார்த்து எறிய வேண்டும் என்று பேசிக்கொண்டோம். முகம் என்றால் விளக்கு. "சீ, போ சனியனே" என்று சத்தம் போட வேண்டும். ஜெயசீலன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பான், ஒவ்வொருவராகப் போய் எறிவோம். முதல் விள்ளல் வைப்பதையும் நிறுத்தினோம். ரொட்டியைப் பிரிக்கும்போதே முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு பிரித்தோம், திருடர்களைப்போல. கொஞ்ச நாளில் அது ஒருத்தரைப் பார்த்துக் குரைத்தது, பிறகு இன்னொருத்தரை. யாரைப் பார்த்துக் குரைத்ததோ அவர்கள் வீட்டில் அன்றைக்கு வாசலில் நின்று சர்க்கரை கொடுத்தார்கள்.

"எனக்குக் கொரைச்சிருச்சி."

"அப்படியா? நல்லாக் கொரைச்சுதா?"

"நல்லா. பல்லக் காட்டுன மாதிரி."

"தப்பிச்ச போ."

சர்க்கரையை வாயில் போட்டுக்கொண்டு அவரவர் வீட்டுக்குள் போய்விடுவார்கள், அதற்குமேல் யாரும் நின்று பேசுவதில்லை.

கடைசியில் மங்களேஸ்வரி மட்டும் மிஞ்சினாள். அவள் எறியவில்லை. விள்ளல் வைப்பதையும் நிறுத்தவில்லை. அவளைப் பார்த்தால் எந்தச் சைக்கிளும் பின்சக்கரத்தை ஆட்டும். ஒரு மாலையில் ஜெயசீலன் அடுப்புக்கு முன்னால் வந்து உட்கார்ந்தான். அவள் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள், பிசகிய கை வீங்கியிருந்ததால் ஒரே கையால்.

"எல்லாரும் எறிஞ்சிட்டாங்கம்மா."

"எறியட்டும்."

"நீ மட்டும்தான் பாக்கி."

"என்னையப் பாத்து அது கொரைக்காதது ஒரு குத்தமாடா?"

"குத்தந்தாம்மா." நெருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நீ பாதையில நிக்கிறது தெரிஞ்சிட்டா பிரேக்கு என் கையில இல்ல. தானா ஓடுது. அன்னைக்கிக் கப்பல் என்கிட்ட ஓடிவந்திச்சே, அதே மாதிரி ஓடுது. நான் இழுக்க இழுக்க ஓடுது."

அவள் ரொட்டியைத் திருப்பிப் போட்டாள்.

"நாளைக்கி உன்னையப் பள்ளத்துல தள்ளுனதும் நான்தான்னு இருக்கணுமா? ஒருதடவ இடிச்சது பத்தலையா எனக்கு?"

"வேலைய விட்டுருடா."

"விட்டுட்டு? திருப்பூருக்கா?" என்று கேட்டுவிட்டு இருமினான். இருமல் வேண்டுமென்று வரவழைத்தது இல்லை. அவளுக்கு அது தெரியும். ரொட்டி கருகும் வாசம் வந்த பிறகுதான் இரண்டு பேரும் ரொட்டிக் கல்லைப் பார்த்தார்கள்.

மறுநாள் காலையில் அவள் முந்தானையில் கற்களை முடிந்துகொண்டு திருப்பத்தில் நின்றாள். பெண்கள் கொஞ்சம் தள்ளிப் பின்னால் நின்றார்கள், பார்க்காத மாதிரி. ஜெயசீலனின் சைக்கிள் மேலிருந்து வந்தது. அவளைக் கண்டதும் குரல் அடங்கி ஓடிவந்தது. எறிந்தாள். விளக்கில் பட்டு உடைந்தது. சைக்கிள் குரைக்கவில்லை. வேகம் மட்டும் குறைந்தது. இன்னொன்று எறிந்தாள், கூடை நசுங்கியது. இன்னொன்று. அவன் இறங்கிவிட்டான், அது தனியாக வந்தது, நாய் அடிவாங்கும்போது தரையோடு தரையாகத் தவழ்ந்து வருமே அப்படி, ஹேண்டில்பாரைத் தாழ்த்திக்கொண்டு வந்து, அவளைச் சுற்றிக்கொண்டு போய், முழங்கால் மடிப்பில் டயரை வைத்தது. அழுத்தவில்லை. வெறுமனே வைத்துக்கொண்டு நின்றது.

மங்களேஸ்வரி கல்லில் உட்கார்ந்தாள். பொட்டலத்தைப் பிரித்தாள். முதல் விள்ளலைக் கிள்ளினாள். சைக்கிள் நசுங்கிய கூடையோடு அவள் முன்னால் வந்து நின்றது. அவள் அதன் உடைந்த விளக்கைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள், விள்ளலைத் தன் வாயில் வைத்துக்கொண்டாள். மறைக்காமல், அதன் கண்ணெதிரே, மெதுவாக மென்றாள். மார்பில் தட்டிக்கொண்டு விழுங்கினாள். இரண்டாவது விள்ளலையும் தின்றாள். ரொட்டி முழுவதையும் தின்றாள். கையை உதறினாள், துணுக்குகள் தரையில் விழுந்தன, காக்காய் வந்தது.

சைக்கிள் வெகுநேரம் நின்றது. பிறகு தானாகவே மேலே ஏறிப் போனது. அந்த நாள் முழுக்க, பன்னிரண்டு சைக்கிளில் ஒன்றுகூட யாரைப் பார்த்தும் குரைக்கவில்லை என்று ரிசார்ட்டில் புகார் வந்தது.

அடுத்த நாள் பனி. பெரட்டு முடிந்து எல்லோரும் வரிசையில் கிளம்பினோம். மங்களேஸ்வரி முன்னால் நடந்தாள், பலகை சொன்ன மாதிரி இடது ஓரமாக. "இன்னைக்கி சக்கரை உங்க வீட்டுல பெரியம்மா, முந்திரி போட்டுக் குடுக்கணும்" என்றாள் பின்னால் வந்த புஷ்பகாந்தி. மங்களேஸ்வரி, "முந்திரி உங்க மாமியாகிட்ட கேளு" என்றாள். இரண்டு பேர் சிரித்தார்கள். எல்லோருக்கும் கொஞ்சம் நிம்மதி. அவளும் குரைப்பு வாங்கிவிட்டால் பாதையில் இனி எங்கள் ஆள் ஒருத்தரும் விழமாட்டோம்.

திருப்பத்தில் ஜெயசீலனின் சைக்கிள் வந்தது. நேற்றைய நசுங்கல்களோடு வந்தது. அவளைப் பார்த்தது, நின்றது. அவன் பிரேக்கைத் தொடக்கூட இல்லை. அவள் கைகளை மடக்கிக்கொண்டு, ஊர் தெரியாத நாய்க்கு வழி விடுவதுபோல், ஓரத்துக்கு நகர்ந்து காத்திருந்தாள். நேரே அவள் முகத்தைப் பார்த்து அது குரைத்தது.

படபடவென்று குரைக்கவில்லை. வெளியாட்களுக்குக் குரைக்கிற குரைப்பே இல்லை அது. மூன்று வெட்டு. அப்புறம் தொண்டைக்குள் ஒரு முழுங்கல்.

புஷ்பகாந்தியின் சிரிப்பு நின்றது. யாரும் யோசிக்கவில்லை, யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டோம்; கால் தானாகச் செய்தது. பைகள் ஒவ்வொன்றாக மெல்லத் தரைக்கு இறங்கின. முதுகைக் காட்டாமல், மங்களேஸ்வரியின் மேலிருந்து கண்ணை எடுக்காமல், ஓர் அடி ஓர் அடியாக வரிசை பின்னால் நகர்ந்தது. எதிர்ப்பக்கம் ஜெயசீலனும் காலைத் தரையில் ஊன்றிச் சைக்கிளோடு பின்னால் போனான். திருப்பம் முழுவதும் அவளுக்கே கிடைத்தது.

அவளுக்கும் பழக்கம் போகவில்லை. அவளும் பையை மெல்ல இறக்கிவைத்தாள், தனக்குப் பின்னால் கரடி எங்கே நிற்கிறது என்று திரும்பிப் பார்த்தாள்.